சின்ன வீக்கமும் மாமன் மடியும்

“உங்களுக்கு வீக்கம் சின்னதுதான்” என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவமானமாகத்தான் இருந்தது. நாலைந்து வருடமாக நான் பட்ட பாட்டுக்குக் காரணமான பொருள் ஒரு தேங்காய் அளவுக்காவது இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் மாவு மில் வைத்திருப்பவருக்கும் இதே புராஸ்டேட் வீக்கம்தான். அவருடையது பெரிது. அவருக்கு ஆபரேசன் நடந்தபோது தெருவே ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தது. அவரும் வீக்கத்தின் அளவை, மகன் வாங்கிய மார்க்கைச் சொல்கிற மாதிரி எல்லாரிடமும் சொன்னார். எனக்கோ சின்னது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று யாராவது கேட்டால் எதைக் காட்டுவது?

பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரி. திண்டுக்கல்லுக்கு வாழ வந்து எத்தனையோ வருடமாகியும் பேச்சில் பிறந்த ஊர் மாறவில்லை.

“சின்னதுதானுங்களா? அப்ப மாத்திரையிலயே கரைஞ்சு போயிருமுங்களா?” என்று டாக்டரிடம் கேட்டாள்.

மாத்திரையெல்லாம் ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒன்று கேட்கவே இல்லை. இன்னொன்று சாப்பிட்டு, வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்று மேட்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். இன்னும் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தால் மோட்டாரோடு நானும் உள்ளே போயிருப்பேன். அந்தக் கதையை டாக்டருக்கு மறுபடியும் சொன்னேன்.

“அளவு பெருசா சின்னதாங்கிறது இல்லைம்மா. எந்த எடத்துல அடைக்குதுங்கிறதுதான் விசயம்” என்றார் டாக்டர். “இவருக்கு மூத்திரப் பையோட கழுத்துலயே இறுக்கிப் பிடிச்சிருக்கு.”

எனக்கு அது உடனே புரிந்தது. மோட்டார் ரிப்பேர்தான் என் தொழில். திண்டுக்கல் டவுனுக்குள் சின்னப் பட்டறை. சுற்றுப்பட்டுத் தோட்டங்களில் இருந்தெல்லாம் மோட்டார் வரும். கிணற்றடிக் குழாயின் வால்வில் புளியங்கொட்டை அளவு கல் ஒன்று மாட்டினால் போதும், எவ்வளவு பெரிய மோட்டாராக இருந்தாலும் முக்கும், முனகும், தண்ணீர் மட்டும் வராது. கல் சின்னதுதானே என்று எந்தத் தோட்டத்துச் சம்சாரியும் சும்மா இருந்ததில்லை.

அங்கே ஒரு மெசின் வைத்திருந்தார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அதன் புனலில் ஒன்றுக்குப் போக வேண்டும். வேகத்தை அது கோடாக வரைந்து கொடுக்கும். டாக்டர் அந்தக் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். “நல்லா இருக்கிறவங்களுக்கு இது நம்ம மலைக்கோட்டை மாதிரி எழும்பி எறங்கணும். உங்களுக்குக் கண்மாய்க் கரை மாதிரி படுத்துக் கெடக்கு” என்றார். ஆள் சின்ன வயசு, சிரிக்காமல் கேலி பேசுகிற ரகம். எனக்குப் பிடித்துப்போனது.

இந்த வியாதி மற்ற வியாதி மாதிரி படுக்க வைக்காது. நடமாட விட்டே வதைக்கும். வந்துவிட்டது என்று ஓடினால் வராது. சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவன் தொண்டையைச் செருமுவான். அவன் செருமினால் வருவதும் நின்றுவிடும். முடித்துவிட்டு வெளியே வந்து பஸ் ஏறி உட்கார்ந்தால் மறுபடியும் முட்டும். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் எந்த நேரத்தில் கழிப்பறையில் கூட்டம் இருக்காது என்று கேட்டால் நான் தூக்கத்திலும் சொல்வேன். டவுனில் வேலை என்றால் வேறு ஆளை அனுப்பிவிடுவேன். தோட்டத்து வேலை என்றால் முதல் ஆளாகக் கிளம்புவேன். “அண்ணனுக்கு வெவசாயம்னா உசுரு” என்று பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் பேசிக்கொண்டார்கள். வெவசாயமும் இல்லை, வெங்காயமும் இல்லை. தோட்டத்தில் எந்தத் தென்னைக்குப் பின்னாலும் போய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், யாரும் செரும மாட்டார்கள்.

தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டேன். வெளியே போகிற நாளில் காலையில் ஒரு காபி, அதோடு சரி. உதடு வெடித்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிடுவேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒன்று நடந்தது.

என் தங்கச்சியைப் பாலசமுத்திரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். எனக்குக் கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். அவளுக்கும் ஒரே மகள். அந்த மகளுக்கு முதலில் பையன் பிறந்தான். குலதெய்வக் கோவிலில் மொட்டையடித்துக் காது குத்த நாள் பார்த்தார்கள். காது குத்துக்குப் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். பிள்ளையின் அம்மாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது என்பதால் அந்த இடம் பாட்டியின் அண்ணனான எனக்கு வந்தது. முறைக்கு நான் தாத்தா, மரியாதைக்கு மாமன்.

அன்றைக்கும் தண்ணீர் குடிக்காமல்தான் போனேன். ஆனாலும் மாலை போட்டு, பட்டுத் துண்டு கட்டி, பிள்ளையை மடியில் வைத்து, பாதி மொட்டை அடிக்கும்போது முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிள்ளை கையைக் காலை உதைத்து அழுகிறான். ஒவ்வொரு உதையும் என் அடிவயிற்றில் விழுகிறது. மாமன் மடியில் இருந்து பிள்ளையை நடுவில் இறக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துப் பார்த்தேன். இன்னும் ஒரு நிமிடம் இருந்தால் அத்தனை சனத்துக்கும் முன்னால் வேட்டி நனைந்துவிடும் என்று ஆனபோது, பாதி மொட்டைத் தலையோடு பிள்ளையைப் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் தம்பி மடியில் வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

கோவிலுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. அங்கே போய் நின்றால் வரவில்லை. அதுதான் இந்த வியாதியின் குணம். மேளச் சத்தம் கேட்டது, பிள்ளை வீறிட்டது கேட்டது, பெண்கள் குலவை போட்டது கேட்டது. நான் தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது காது குத்தி முடிந்து பிள்ளை வாயில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு மரியாதை செய்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்குத்தான் முதல் மாலை விழுந்திருந்தது. அதனால்தான் நான் கோபித்துக்கொண்டு எழுந்துபோனேன் என்று யாரோ சொல்ல, எல்லாரும் அதை நம்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மாமன்கள் இப்படி எழுந்துபோவது புதிதில்லை. தங்கச்சி என்னிடம் வந்து, “ஒரு மாலைக்காகப் பச்சப் பிள்ளையை எறக்கி விட்டுட்டுப் போயிட்டியேண்ணே” என்றாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். ஒன்றுக்கு வந்தது என்று சொல்வதைவிட ரோசக்காரன் என்று பேர் வாங்குவது கௌரவமாகத் தெரிந்தது. எங்கள் சாதிசனத்தில் எந்த ஆம்பளையும் அதைத்தான் செய்திருப்பான்.

அதோடு அவள் வீட்டுக்கு வருவது நின்றது. போன் வந்தால் என் மனைவிக்கு வரும். “அண்ணே நல்லா இருக்கா?” என்று கேட்பாளாம். அண்ணனிடம் போனைக் கொடுங்கள் என்று கேட்க மாட்டாளாம்.

இப்போது அதே வீட்டில் இரண்டாவது பிள்ளை, பெண் பிள்ளை, தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தது. இன்றோ நாளையோ காது குத்து வைப்பார்கள். நான் டாக்டரிடம் போனதற்குக் காரணம் அந்தப் பிள்ளைதான்.

லேசர் வைத்து அடைப்பைச் செதுக்கி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, மூத்திரம் போகிற பாதை வழியாகவே போய்விடலாமாம். “நல்லாயிருமுங்களா?” என்று என் மனைவி கேட்டதற்கு அவர் உடனே தலையாட்டவில்லை. பெரிய வீக்கம் உள்ளவர்களுக்கு எடுத்ததும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சின்ன வீக்கத்துக்கும் ஓட்டம் நன்றாகத்தான் திறக்கும். ஆனால் இத்தனை நாள் முக்கி முக்கிப் பழகிய பை, அடைப்பு போன பிறகும் கொஞ்ச காலம் அவசரப்படும். சில வாரமோ மாதமோ கசியலாம், அதற்குப் பயிற்சி இருக்கிறது. சின்ன வீக்கத்தில் வெட்டிய இடம் தழும்பாகச் சுருங்கித் திரும்ப அடைக்கிற வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, தாம்பத்தியத்தில் விந்து வெளியே வராமல் பைக்குள்ளேயே போய்விடும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை என்றார். நான் தரையைப் பார்த்தேன். என் மனைவி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

“வேற எதுவும் கேக்கணுமா?” என்றார்.

எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. “டாக்டர், ஒரு கொழந்தைய மடியில வச்சுக்கிட்டு, மொட்டையடிச்சுக் காது குத்தி முடிக்கிற வரைக்கும் எந்திரிக்காம உக்கார முடியுமா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேலி பேசவில்லை. “முடியும்னு நினைக்கிறேன்” என்றார்.

நினைக்கிறேன் என்கிற வார்த்தை எனக்கு எரிச்சலாக இருந்தது. பட்டறையில் மோட்டாரைக் கொண்டு வருகிறவனிடம் ஓடும் என்று நினைக்கிறேன் என்று சொன்னால் அவன் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். ஓடும் என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தனுப்பிய மோட்டார்களில் எத்தனை திரும்பி வந்திருக்கின்றன என்று எனக்குத்தானே தெரியும். அந்த ‘நினைக்கிறேன்’ மேல் மெதுவாக ஒரு நம்பிக்கை வந்தது.

ஆட்டோவில் என் மனைவி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, டிரைவருக்குக் கேட்காத குரலில், “ஏனுங்க, அவுரு கடைசியாச் சொன்னாரே, அதுக்கா மொகத்தத் தொங்கப் போட்டுட்டு வர்றீங்க? இனிமேப்பட்டு நாம புள்ளையா பெக்கப் போறோம்?” என்றாள். சிரித்துவிட்டேன்.

ஆபரேசன் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே என்னுடையது இல்லை என்று ஆனது, மேலே ஒரு டிவியில் என் உட்புறம் சிவப்பாகத் தெரிந்தது. அதைப் பார்க்க மனசில்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு மூத்திரம் போக ஒரு டியூப். டியூபை எடுத்த அன்றைக்கு நர்ஸம்மா ஒரு குடுவையைக் கையில் கொடுத்து, “போயிட்டு வந்து காட்டுங்க” என்றார். கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். நிற்கவே வேண்டியிருக்கவில்லை. சத்தத்தோடு விழுந்தது. எரிந்தது, சிவந்திருந்தது, ஆனால் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணக்கூடத் தோன்றவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே வந்து குடுவையைப் பழனிப் பஞ்சாமிர்தம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வேறு சட்டம் போட்டாள். அவளுக்குத் தெரிந்த ஆபரேசன் அவளுடைய பிரசவம். உள்ளே புண் இருக்கிற உடம்புக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது, புண்ணில் நீர் கோத்துக்கொள்ளும் என்று அவளுடைய அம்மா அன்றைக்குச் சொன்னதை அவள் மறக்கவில்லை. எனக்குப் பூண்டுக் குழம்பு வந்தது, மிளகு ரசம் வந்தது, கருவாடு வந்தது. தண்ணீர் மட்டும் சுடவைத்து, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி ஒரு சின்ன டம்ளரில் வந்தது.

“நர்சு நெறையக் குடிக்கச் சொன்னுச்சே” என்றேன்.

“அந்தப் புள்ளைக்கு என்னங்க தெரியும், கண்ணாலமே ஆகல” என்றாள்.

நியாயமாகப் பார்த்தால் நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் எனக்குப் பல வருடப் பழக்கம். குடித்தால் ஓட வேண்டும் என்கிற பயம் டியூபோடு போய்விடவில்லை. அவள் கொடுக்கவில்லை, நான் கேட்கவில்லை. பிள்ளை பெற்றவள் மாதிரி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாம் நின்றுவிட்டது. சொட்டுக்கூட வரவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. பிரசவ வலி என்று சொல்வார்களே, பத்தியம் சாப்பிட்ட தோஷம், அதுவும் எனக்கு வந்துவிட்டது போல என்று அந்த வலியிலும் நினைத்தேன். ஆட்டோவில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். ரத்தம் கட்டியாக உறைந்து அடைத்திருக்கிறது என்றார்கள். மறுபடியும் டியூப் போட்டுக் கழுவிவிட்டார்கள்.

“தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

என் மனைவி விரலால் டம்ளர் அளவைக் காட்டினாள். பத்திய விவரம் முழுவதையும் சொன்னாள், பூண்டு உட்பட. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “ஏம்மா, தண்ணி ஓடுனாத்தானே உள்ள கழுவும்? காதுல பஞ்சு வேறயா?” என்றார்.

அவள் டாக்டர் முன்னால் அழவில்லை. வெளியே வராந்தாவில் வந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன்” என்றாள். “நானும்தேன் குடிக்கலையே” என்றேன். அன்றிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பு என் கூடவே அலைந்தது. நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்று பார்ப்பாள்.

ஓட்டம் திரும்பிவிட்டது. ஆனால் டாக்டர் சொன்ன மற்றதும் வந்தது. தும்மினால் கசிந்தது. பட்டறையில் யாராவது சிரிக்க வைத்தால் கசிந்தது. டாக்டர் பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார். ஓடுவதை நடுவில் நிறுத்துகிறவன் மாதிரி அடியில் இறுக்கிப் பிடித்து, பத்து எண்ணி, விட வேண்டும். யாருக்கும் தெரியாமல் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும்போது செய்தேன், டீ குடிக்கும்போது செய்தேன். இருந்தாலும் உள்ளே துணி வைத்துக்கொண்டுதான் வெளியே போனேன். முன்னே வராமல் வதைத்தது, இப்போது நிற்காமல் வதைக்கிறது, இதற்கு அதுவே தேவலை என்று ஒரு நாள் என் மனைவியிடம் கத்தினேன். அவள் சொம்பை நீட்டினாள். மாவு மில்காரரோ வாரத்துக்கு ஒரு தரம் பட்டறைக்கு வந்து, தனக்கு மறுநாளே சரியாகிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போவார். அவர் நல்ல மனுசர்தான். எனக்கு அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

கசிவு குறைந்துகொண்டு வந்த ஒரு மாதத்தில்தான் தங்கச்சி வந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. மாமனுக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், அது முறை, முறைக்காக வந்திருந்தாள். தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்துப் பேசினாள்.

“மதினி, சின்னவளுக்குக் காது குத்து வச்சிருக்கம். அண்ணே மடியில உக்கார வச்சுக்குமா, இல்ல இப்பவே வேற ஆளச் சொல்லிரவான்னு கேட்டுச் சொல்லுங்க. மாலையெல்லாம் மொத மாலை அண்ணனுக்குத்தேன்.”

நான் இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தேன். முடியும் என்று சொல்லவும் பயம், முடியாது என்று சொல்லவும் மனசில்லை. கடைசியில் டாக்டர் வார்த்தையே வந்தது.

“உக்காருவேன்னு நினைக்கிறேன்” என்றேன்.

தங்கச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. “நினைக்கிறியா? இம்புட்டுத் தூரம் தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டு வந்தவளுக்கு அதான் பதிலாண்ணே?” என்று எழுந்துவிட்டாள்.

“அம்மிணி, உக்காரு” என்றாள் என் மனைவி. நான் கண்ணைக் காட்டியதை அவள் மதிக்கவில்லை. “உங்கண்ணன் அன்னைக்கு மாலைக்காக எந்திரிக்கல. ஒண்ணுக்கு முட்டிக்கிட்டுப் போனாரு. போயும் வரல. அதுக்குத்தான் இப்ப ஆப்பரேசன் பண்ணி, நான் பத்தியம் போட்டுக் கெடுத்து, மறுக்கா டியூப்பு வச்சு, இப்பத்தான் கொஞ்சம் பரவால்ல.” ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், காதில் பஞ்சு வைத்தது வரைக்கும்.

தங்கச்சி நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், அவள் அழுதாள்.

“ஒண்ணுக்கு வந்துச்சுன்னு சொல்றதுக்கு என்னண்ணே? மாலைக்குக் கோவிச்சுக்கிட்டேன்னு இத்தன வருசம் என்னைய நம்ப விட்டுட்டியே.”

“தங்கச்சிகிட்டச் சொல்ற விசயமா அது?”

“எங்க வீட்டுல உம் மச்சான் பழனி தாண்டுறதுக்குள்ள மூணு எடத்துல வண்டிய நிறுத்துறாரு. யாருகிட்டச் சொல்ல?” என்று மூக்கைச் சிந்தினாள். பிறகுதான் சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்சம் கசிந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

காது குத்தன்று காலையில் என் மனைவி சொம்பைக் கொண்டுவந்தாள். இன்றைக்கு ஒரு நாள் வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். நடக்கவில்லை. குடித்தேன். உள்ளே துணி வைக்கலாமா என்று வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கரை போட்ட வெள்ளை வேட்டி. துணி வைத்தால் புடைத்துத் தெரியும். வைக்கவில்லை. பஸ்ஸில் ஒட்டன்சத்திரம் தாண்டும்வரை அதை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டே போனேன்.

மாலை முதலில் எனக்கு விழுந்தது. மனைப்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சின்னவளை என் மடியில் வைத்தார்கள். வெள்ளிக் கொலுசு போட்டிருந்தாள். என் மீசையைப் பிடித்துப் பார்த்தாள், பிறகு கத்தியைப் பார்த்தாள், அழ ஆரம்பித்தாள். தன் அண்ணனைவிடப் பலமாக உதைத்தாள். மொட்டை போட்டு முடித்துத் தலையில் சந்தனம் பூசினார்கள். அடிவயிற்றில் ஏதோ இருந்தது. அது அவசரமா, பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இறுக்கிப் பிடித்து எண்ணினேன். தங்கச்சி எதிரில் நின்று, பிள்ளையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசாரி சந்தனத்தைத் தொட்டு இடது காதில் புள்ளி வைத்தார். கம்பி ஏறியது. பிள்ளை மூச்சடக்கி வீறிட்டது. அடுத்த காது. அதுவும் ஏறிவிட்டது. ஆசாரி கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கும்போது என் தொடை சூடானது.

சூடு பரவியது. வேட்டி நனைவது தெரிந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆபரேசன், டியூப், சொம்பு, பயிற்சி எல்லாம் போயிற்று. இந்தத் தடவை தென்னந்தோப்பும் கிடையாது. இத்தனை சனம் பார்க்க, மாலையும் கழுத்துமாக, மடியில் பிள்ளையோடு நடந்துவிட்டது. கடைசி முயற்சியாக, டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி, உயிரைக் கொடுத்து இறுக்கிப் பிடித்தேன்.

நிற்கவில்லை. நான் பிடிக்கப் பிடிக்க, தன் போக்கில் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, என்னால் நிறுத்த முடியவில்லை என்றால் அது என்னுடையது இல்லை.

குனிந்து பார்த்தேன். சின்னவள் அழுகையை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்தபடி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். டியூப் எடுத்த அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபோது எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

“அய்யய்யோ, அண்ணே, வேட்டி” என்று தங்கச்சி பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினாள்.

நான் பிள்ளையை மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

“செத்த நேரம் பொறு ஆத்தா. பாதியில எழுப்பாத. முழுசாப் போயி முடிக்கட்டும்.”